யாருடைய ஆர்வம்?

ஆம்பூரில் ஒரு சின்ன வீடு. கட்டிலில் மாமியார், எலும்புவரை பரவிவிட்ட புற்றுநோய். ஷூ கம்பெனியில் தையல் வேலை செய்துகொண்டிருந்த மருமகள் வேலையை விட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆதரவு சிகிச்சைக் குழுவோடு தன்னார்வலராகப் போகிறவள். படுக்கைப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம், "பெத்த பொண்ணுகூட இப்படிப் பாக்கமாட்டா. உனக்குப் பெரிய மனசும்மா" என்றேன். அவள் நிமிராமலே சொன்னாள்: "மனசா மேடம்? செய்யிறியான்னு என்னை யாரும் கேக்கவே இல்லையே."

வேலூர் திரும்பும் பேருந்தில் அந்தப் பதில் கூடவே வந்தது. தமிழ் படித்தவள் இல்லையா, தன்னார்வம் என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். தன் ஆர்வம். மறுக்க முடிகிற இடத்தில்தான் ஆர்வம் என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. வாரத்தில் இரண்டு மணி நேரம் செய்யும் எனக்கு அது சேவை. இரவும் பகலும் செய்பவளுக்கு அது கடமை. 2021இல் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடுவீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண்களுக்கும் தன்னார்வலர் என்றே பெயர். அவர்கள் கைக்கு வருவது சம்பளமல்ல, ஊக்கத்தொகை. பெண் செய்யும் பராமரிப்புக்கு எத்தனை பெயர்கள்! கூலி என்ற பெயர் மட்டும் கிடைப்பதில்லை.

1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், 'முழு வலி' என்றொரு கருத்தைத் தந்தார். உடல், மனம், உறவு, நம்பிக்கை எல்லாம் சேர்ந்து நோகும் வலி அது. நோயாளியை மனத்தில் வைத்துச் சொன்னது. ஆனால் அந்த வீட்டில் வலி கட்டிலோடு நிற்கவில்லை. மாமியாருக்கு மார்ஃபின் கிடைத்தது. மருமகளுக்கு நான் கொடுத்தது பாராட்டு. அதை வாங்கிக்கொண்டவள் இனி எப்படி 'முடியவில்லை' என்பாள்?

அப்படியானால் சாகப்போகிறவரை யார் பார்ப்பது? இந்தக் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அடுத்த வாரம் செவிலியர் மகனைக் கூப்பிட்டுப் புண் துடைக்கச் சொல்லிக்கொடுத்தார். அவர் தயங்கித் தயங்கி வந்தார். அம்மாதான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்: "அவன் வேணாம். அவளே செய்யட்டும்." சாகப்போகிறவரின் கூச்சத்தை மதிக்க வேண்டும். அந்தக் கூச்சமே இன்னொரு பெண்ணைக் கட்டிப்போடுவதையும் பார்க்க வேண்டும்.

மணிமேகலை நினைவுக்கு வந்தாள். சிறையில் இருந்தவர்களுக்குச் சோறு போட்டதோடு அவள் நிற்கவில்லை. என்ன வேண்டும் என்று மன்னன் கேட்டபோது, சிறையையே அறக்கோட்டமாக்கச் சொன்னாள்.

எனக்கு அவ்வளவு வல்லமை இல்லை. புண் துடைக்க நான் கற்றுக்கொண்டேன். மாமியாரும் என்னை ஒப்புக்கொண்டார். மகன் சமையலும் துணி துவைப்பதும் பார்த்துக்கொள்வது என்று பேசி முடித்தோம். "நான் இருக்கேன், நீ வெளியே போய் வா" என்றேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தாள். எங்கே போனாய் என்று நான் கேட்கவில்லை.