குதிரை நடையில் ஒரு குரல்

வாஷ்டி பன்யனின் பாட்டைக் கேட்க ஃபேனை நிறுத்த வேண்டியிருக்கிறது. சித்திரை மாதத்து ராத்திரியில் அது லேசான காரியமில்லை. ஃபேன் ஓடினால் கிட்டார் கேட்கும், பிடில் கேட்கும். குரல் மட்டும் காற்றோடு போய்விடும். சத்தத்தைக் கூட்டி வைத்துப் பார்த்தாலும் சரிவரவில்லை. வாத்தியங்கள் பெரிதாகின்றன, அந்தக் குரல் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

அசைவே இல்லாத குரல். நீட்டிப் பாடலாம் என்று மெட்டு இடம் கொடுக்கிற இடத்திலும் நீட்டாமல், வார்த்தையை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். வரியின் கடைசியில் மூச்சு தீர்ந்துகொண்டு வருவது தெரிகிறது. அடுத்த வரிக்கு முன்னால் இழுத்துக்கொள்வதும் தெரிகிறது. இவருக்குப் பாடத் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் உடனே மறுக்க வாய் வராது. நாலைந்து பாட்டு கேட்ட பிறகு வரும்.

*

1970 டிசம்பரில் வந்த ‘ஜஸ்ட் அனதர் டைமண்ட் டே’ இசைத்தட்டில் 14 பாட்டுகள். மொத்தமும் சேர்த்து அரைமணி நேரத்தை ஒட்டித்தான். முதல் பாட்டு இரண்டு நிமிஷம்கூட இல்லை. மின்மினி, அல்லிக்குளம், தகைவிலான் குருவி, நவம்பர் மாதத்துக் காட்டு ரோஜாக் காய், மீன்பிடிப் படகுக்காரர் என்று பாடுபொருள்கள் போகின்றன. குளத்துப் பாட்டின் மெட்டு எல்.கே.ஜி. பிள்ளைகள் பாடும் ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ மெட்டேதான். பெரியவர்களுக்கான இசைத்தட்டில் இதைச் செய்ய ஒரு துணிச்சல் வேண்டும். அல்லது யார் என்ன நினைப்பார்கள் என்ற கவலையே இல்லாமல் இருக்க வேண்டும்.

இந்த அரைமணி நேரத்தின் மேல்தான் உலகம் முழுக்கப் பரவலாகச் சில ஆயிரம் பேர் வைத்த பாசம் இன்னும் ஆறாமல் இருக்கிறது.

*

பன்யன் 1945-இல் நியூகாஸிலில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் ரஸ்கின் ஓவியப் பள்ளியில் சேர்ந்து, படம் வரைவதை விட்டுப் பாட்டு எழுதிக்கொண்டிருந்ததால் வெளியே அனுப்பப்பட்டார். 18 வயதில் நியூயார்க் போன இடத்தில் பாப் டிலனின் இசைத்தட்டு காதில் விழுந்தது. இனி இதுதான் என்று முடிவு செய்துவிட்டார். 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் மேலாளர் ஆண்ட்ரூ லூக் ஓல்ட்ஹாம், அந்தக் குழுவின் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் எழுதிய பாட்டு ஒன்றை இவரைப் பாடவைத்து வெளியிட்டார். ஓடவில்லை. அடுத்த வருஷம் வந்ததும் ஓடவில்லை. வேறு சில பதிவுகள் வெளியே வராமலே கிடந்தன.

1968-இல் ராபர்ட் லூயிஸ் என்ற ஓவிய மாணவரோடு, பெஸ் என்கிற குதிரை பூட்டிய வண்டியில் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளைப் பார்க்கக் கிளம்பினார். ஸ்கை தீவுப் பக்கம் பாடகர் டொனோவன் நிலம் வாங்கியிருக்கிறார், கலைஞர்கள் கூடி வாழ ஓர் இடம் அமையப்போகிறது என்று பேச்சு. குதிரைக்கும் வண்டிக்கும் பணம் கொடுத்து உதவியவரும் டொனோவன்தான். ரயிலில் ஏறினால் ஒருநாளில் போய்விடக்கூடிய தூரம். இவர்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் பிடித்தது. வழியில் கிடைத்த வேலையைச் செய்து, குளிர்காலத்தில் தங்கி, மறுபடி கிளம்பிப் போய்ச் சேர்ந்தால் அங்கே டொனோவன் இல்லை. இவர்கள் இன்னும் மேற்கே போய், அவுட்டர் ஹெப்ரிடீஸில் பெர்னரே என்ற சின்னத் தீவில் குடியேறினார்கள்.

பாட்டுகள் இந்த நடையில் வந்தவை. குதிரைக்கே ஒரு பாட்டு உண்டு. அந்த வண்டியின் வேகத்தைத் தாண்டி எந்தப் பாட்டும் போவதில்லை.

*

நேற்று இரவு கேட்டுக்கொண்டிருந்தபோது தோன்றியது: இதில் வீட்டைப் பற்றிப் பாடுகிற பாட்டுகள் எல்லாம் வீடு கிடைப்பதற்கு முன் எழுதியவை. கடலைப் பார்த்த ஜன்னல், தீவுகளின் வெயில், மாடு கன்று. கிளம்பும்போது இதில் எதுவும் கையில் இல்லை. இருந்ததெல்லாம் மழை, சேறு, குதிரைக்கு அன்றன்றைக்குத் தேட வேண்டிய புல்.

ரசிகர்கள் இந்த இசைத்தட்டைப் பற்றிப் பேசும்போது நிம்மதி என்றே சொல்கிறார்கள். தூக்கம் வராத இரவுகளில், ஆஸ்பத்திரிக் காத்திருப்பில், பிள்ளை பெற்ற வீட்டில் கேட்டதாகச் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் அறிமுகம். ஆனால் பாடியவர் நிம்மதி வந்துசேராத இடத்தில் நின்று பாடியிருக்கிறார். நடந்து முடித்தவர் சொல்லும் கதையாக இது இல்லை. நடக்கிறவர் தன் காலுக்குச் சொல்லிக்கொள்வது. குரலைத் தாழ்த்தி வைத்திருப்பதும் அதனால்தானோ என்று நினைக்கிறேன். வண்டிக்குப் பக்கத்தில் நடக்கும்போது பாடிக்கொள்ள அவ்வளவு சத்தம் போதும்.

அப்படியானால் ரசிகர்கள் கேட்பது தப்பா? இல்லை என்றுதான் படுகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவருக்கும் வேண்டியது அதேதான்.

*

1969 கடைசியில், லண்டனின் செல்சீ பகுதியில் சவுண்ட் டெக்னிக்ஸ் என்ற ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜோ பாய்ட் இதைப் பதிவுசெய்தார். ஃபேர்போர்ட் கன்வென்ஷன் குழுவின் டேவ் ஸ்வார்ப்ரிக் பிடில், சைமன் நிக்கோல் பாஞ்ஜோ, இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்டின் ராபின் வில்லியம்சன் ஹார்ப் என்று நாட்டுப்புற இசையின் பெரிய கைகள் கூடின. மூன்று பாட்டுகளுக்கு மட்டும் ராபர்ட் கிர்பி தந்தி வாத்தியங்களையும் மரக்குழல்களையும் வைத்து இசைக்கோப்பு எழுதினார். முதல் பாட்டின் இசைக்கோப்பு அவருடையது. அதில் குழல்கள் குரலுக்கு முன்னால் வந்து நிற்காமல், அது போன வழியில் பின்னாலேயே போகின்றன.

தன்னை நாட்டுப்புறப் பாடகி என்று அழைப்பது பன்யனுக்குப் பிடிப்பதில்லை. பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பாரம்பரியப் பாட்டு எதையும் அவர் பாடியவரில்லை. பாப் பாடகியாகத்தான் ஆசைப்பட்டார். பிடிலும் பாஞ்ஜோவும் சேர்ந்து தன்னை வேறு கூடையில் போட்டுவிட்டன என்பது அவர் மனக்குறை. ரசிகர்கள் காதில் வாங்கிக்கொள்வதாகத் தெரியவில்லை. கடைகளிலும் பட்டியல்களிலும் அவர் நாட்டுப்புற வரிசையிலேயே இருக்கிறார். எனக்கு அவர் கட்சியும் புரிகிறது. ஆனால் பாஞ்ஜோவை எடுத்துவிட்டு அந்தத் தட்டைக் கற்பனை செய்யவும் முடியவில்லை. ரசிகனின் பாசத்தில் கொஞ்சம் அராஜகம் உண்டு.

*

பாடகர் நிக் டிரேக்கின் பெயரைச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. அதே ஜோ பாய்ட், அதே சவுண்ட் டெக்னிக்ஸ், அதே கிர்பி. அவர் தட்டுகளும் விற்கவில்லை. 1974-இல், 26 வயதில் இறந்துபோனார். பாய்ட் தன் நிறுவனத்தை ஐலண்ட் ரெக்கார்ட்ஸிடம் விற்றபோது, டிரேக்கின் இசைத்தட்டுகளை எப்போதும் விற்பனையில் வைத்திருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கினார். அந்த ஒரு வாசகத்தின் புண்ணியத்தில், தேடி வந்தவர்களுக்கு அவர் தட்டு கடையில் கிடைத்துக்கொண்டே இருந்தது.

பன்யனுக்கு அந்தக் காப்பு இல்லை. ஃபிலிப்ஸ் வெளியிட்டது; கொஞ்சம்தான் விற்றது; மறைந்தது. தட்டு வந்த நேரத்தில் அவர் கைக்குழந்தையோடு இருந்தார். யாரும் கவனிக்காமல் போனதைத் தன் பாட்டின் மீதான தீர்ப்பாகவே எடுத்துக்கொண்டார். கிட்டாரை வைத்துவிட்டார். மூன்று பிள்ளைகளை வளர்த்தார், வண்டியோடும் மிருகங்களோடும் ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் வாழ்ந்தார். வீட்டுக்குள்ளேகூடப் பாடவில்லை. தாலாட்டு மாதிரிப் பாடுகிறார் என்று ஊரெல்லாம் பின்னால் கொண்டாடியவர், சொந்தப் பிள்ளைகளிடம் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். இதை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்குப் பழகமாட்டேன் என்கிறது.

*

அவர் பாடாமல் இருந்த அந்த 30 வருஷம் தட்டு எங்கே இருந்தது? பழைய இசைத்தட்டுக் கடைகளின் பெட்டிகளில். யாரோ வாங்கி, யாருக்கோ கேசட்டில் ஏற்றிக் கொடுத்து, அந்தக் கேசட்டிலிருந்து இன்னொரு கேசட். பிரதி எடுக்க எடுக்க இரைச்சல் கூடும், குரல் இன்னும் உள்ளே போகும். ஏற்கெனவே தணிந்த குரல். அதைக் காதோடு வைத்துக் கேட்டவர்கள் இருந்தார்கள். அசல் தட்டின் விலை ஆயிரம் பவுண்டு என்று ஏறியது. பாடியவருக்கு அதில் ஒரு காசு கிடையாது. அப்படி ஒரு விலை ஓடுவதே தெரியாது.

1997-இல் கணினி வாங்கி இணையத்தில் தன் பெயரைத் தட்டிப் பார்த்தபோதுதான், தன் தட்டைத் தேடிக்கொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. அதிலிருந்து உரிமை யாரிடம், மூலநாடா எங்கே என்று விசாரிக்கத் தொடங்கினார்; 2000-இல் ஸ்பின்னி என்ற சிறு நிறுவனம் குறுந்தகடாக மறுவெளியீடு செய்தது. அதுவரை தன் பாட்டைத் தானே கேட்கச் சகிக்காமல் இருந்தவர். மறுவெளியீட்டுக்காக உட்கார்ந்து கேட்க வேண்டியதாயிற்று. அவர் காதில் விழுந்திருக்கக்கூடியது பாட்டாக இருந்திருக்காது, தோல்வியாகத்தான் இருந்திருக்கும். ரசிகர்கள் வந்து, அப்படி இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

*

முன்பின் தெரியாத ஒரு பையன், டெவேந்திரா பன்ஹார்ட், தான் பாட்டைத் தொடரலாமா விட்டுவிடலாமா என்று கேட்டு, தன் படங்களையும் வைத்து அவருக்குக் கடிதம் எழுதினான். பெயரைப் பார்த்து இந்தியர் என்று நினைக்க வேண்டாம். டெக்ஸாஸில் பிறந்து வெனிசுவேலாவில் வளர்ந்தவன். பெற்றோர் ஓர் இந்தியக் குருவின் வழியில் இருந்ததால் வந்த பெயர். 1981-இல் பிறந்தவன். தட்டு வந்து பத்து வருஷம் கழித்து. தொடரச் சொல்லிப் பதில் வந்தது. 2004-இல் அவனுடைய தட்டில் ஒரு பாட்டுக்கு அவர் சேர்ந்து பாடினார். அடுத்த வருஷம் அனிமல் கலெக்டிவ் குழுவோடு. பாடுவதை விட்டுவிட்ட ஒருவர், பாடுவதை விடலாமா என்று கேட்டவனுக்கு விடாதே என்று சொன்னது எனக்குப் பிடித்திருக்கிறது.

2005-இல் அவருடைய புதிய தட்டு ‘லுக்ஆஃப்டரிங்’. தயாரித்தவர் மேக்ஸ் ரிக்டர். ஹார்ப் வாசிக்க ஜோஆனா நியூசம் வந்தார். பழைய தட்டிலிருந்து ராபர்ட் கிர்பியும் வந்தார், இந்த முறை எக்காளத்தோடு. அட்டையில் இருக்கும் முயல், பன்யனின் மகள் வரைந்தது.

குரல் மாறவில்லை என்று எல்லோரும் வியந்தார்கள். எனக்கு அது முழுப் பெருமையாகப் படவில்லை. முப்பது வருஷம் உபயோகிக்காமல் மூடிவைத்த குரல், அப்படியே இருந்ததில் துக்கமும் இருக்கிறது. ஷெர்லி காலின்ஸை வைத்துப் பார்த்தால் தெரியும். சஸ்ஸெக்ஸ்காரர், 1935-இல் பிறந்தவர், நிஜமான நாட்டுப்புறப் பாடகி. 1959-இல் ஆலன் லோமாக்ஸோடு அமெரிக்கத் தென்மாநிலங்களில் ஊர் ஊராகப் போய்ப் பாட்டு சேகரித்தவர். 1970-களின் கடைசியில் குரல் போய்விட்டது. 2016-இல் ‘லோட்ஸ்டார்’ தட்டோடு திரும்பி வந்தபோது குரல் இறங்கி, கரகரத்து, வயதேறியிருந்தது. அவருடைய பழைய தட்டுகளை நேசித்தவர்கள் அதையும் ஏற்றுக்கொண்டார்கள். அந்த 80 வயதுக் குரலில் அவர் பாடாமல் இருந்த வருஷங்கள் எல்லாம் கேட்கின்றன. பன்யனிடம் அந்த வருஷங்களைக் குரலில் தேடிப் பயனில்லை, பாட்டு வரிகளில்தான் தேட வேண்டும். 2005 தட்டில் பிள்ளைகள் வளர்ந்து வீட்டை விட்டுப் போகிறார்கள். பழைய தட்டில் ஆசைப்பட்ட வீடு அங்கே வந்தும்விட்டது, காலியாகியும்விட்டது.

*

அப்புறம் ஒரு கைபேசி விளம்பரத்தில் பழைய தட்டின் முதல் பாட்டு ‘டைமண்ட் டே’ ஒலித்தது. பழைய ரசிகர்களில் சிலருக்கு வருத்தம். காட்டு வழியில் பிறந்த பாட்டை இப்படி விற்கலாமா என்று. குதிரைக்குப் புல் தேடி அலைந்தவருக்குக் கடைசியில் கொஞ்சம் பணம் வந்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

*

2014-இல் வந்த ‘ஹார்ட்லீப்’ தட்டைத்தான் கடைசி என்று அறிவித்தார். இந்த முறை தயாரிப்பாளர் இல்லை. பெரும்பகுதியை வீட்டிலேயே கணினியில் தானே பதிவுசெய்தார். பியானோ வாசிக்கத் தெரியாது. அதனால் வலக்கையைத் தனியாக, இடக்கையைத் தனியாக வாசித்துப் பதிந்து சேர்த்திருக்கிறார். ஒவ்வொரு பாட்டிலும் அவ்வளவு நேரம் போயிருக்கிறது. யார் கூடையிலும் விழாமல், தன் காதில் கேட்டதைத் தானே வெளியே கொண்டுவர 69 வயதாகியிருந்தது.

இருந்தும் அவரைத் தேடி வருகிறவர்கள் 1970-ஐத்தான் கேட்கிறார்கள். நானும் அந்தக் கூட்டம்தான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் இப்போதெல்லாம் புதிதாக யாராவது எங்கே தொடங்கலாம் என்று கேட்டால் ‘ஹார்ட்லீப்’பைச் சொல்கிறேன். அதைப் பத்துநாள் கேட்டுவிட்டு, பின்னோக்கி 2005-க்கு வந்து, அதற்கும் அப்புறம் பழைய தட்டுக்குப் போகட்டும். அந்த 25 வயதுப் பெண்ணுக்கு வீடு கிடைக்கும், பிள்ளைகள் பிறப்பார்கள், முப்பது வருஷம் பாடாமல் இருப்பாள், மறுபடி பாடுவாள் என்பதெல்லாம் கேட்கிறவருக்கு முன்னமே தெரிந்திருக்கும், பாடுகிறவளுக்குத்தான் தெரியாது.