வேடமும் அருளும்

கூத்தில் வரும் தெய்வம் வேடமா, தெய்வமேதானா? மலேசியாவின் ஜொகூரில் இது ஏட்டுக் கேள்வி மட்டுமன்று. பத்து பகாட், மூவார், பொந்தியான் வட்டாரங்களில் குடியேறிய ஜாவானியர்கள் குடா கெப்பாங் ஆட்டத்தையும் கொண்டுவந்தார்கள். தட்டையான குதிரை உருவத்தைக் காலிடையே பிடித்து, கோங்கும் அங்க்லோங்கும் ஒலிக்க ஆடுவார்கள். ஆட்டம் முற்றும்போது சிலருக்கு ‘மாபோக்’ வரும், தன்னினைவு போய்விடும். நாம் சாமி வருதல் என்போமே, ஏறக்குறைய அது. ஜாவாவில் இஸ்லாத்தைப் பரப்பிய வலிமார்களோடு இந்த ஆட்டத்தை வாய்வழி மரபு இணைக்கிறது. ஜொகூரின் சமய அதிகாரிகளோ, ஆவிகளை அழைப்பது மார்க்கத்துக்கு முரண் என்று இதற்கு எதிராக ஃபத்வா அளித்தார்கள். இந்தப் பூசலில் இரண்டு பொருள்கள் ஒன்றாகக் குழைந்துவிட்டன என்பது என் கருத்து. கதை சமயம் விட்டுச் சமயம் போகும்; அருள் அப்படிப் போவதில்லை.

கதை போகும் என்பதற்கு ஜாவாவே சான்று. வாயாங் கூலிட் என்னும் தோற்பாவைக் கூத்தில் பாண்டவர்கள் இன்றும் வாழ்கிறார்கள். தருமனின் ‘காலிமாசாடா’ என்னும் படைக்கலத்தை இஸ்லாமியக் கலிமாவாகவே அங்கு விளக்குகிறார்கள். சீதை கவரப்பட்ட கதையை காரின் நுக்ரோஹோ 2006-இல் ‘ஓப்பரா ஜாவா’ என்ற படமாக்கினார். 2014-இல் இந்தியாவின் மகாபாரதத் தொடர் இந்தோனேசியாவின் ஏஎன்டிவி அலைவரிசையில் பெரும் வரவேற்புப் பெற்றது. இவற்றால் அந்நாட்டு முஸ்லிம்களின் நம்பிக்கை குலைந்துவிடவில்லை. அர்ச்சுனனை ஆட்டுவிக்கும் ‘தாலாங்’ என்னும் பாவைக்கூத்தர், தானே அர்ச்சுனன் என்று சொல்வதில்லை. விளக்கின் கீழ், திரைக்குப் பின்னே அவர் தாமாகவே இருக்கிறார். மாபோக் வந்தவரோ ‘நான் நானில்லை’ என்ற நிலையில் நிற்கிறார். அங்கே நடிப்பு முடிந்து, நம்பிக்கை தொடங்குகிறது.

இந்தக் கோடு மேசையில் அமர்ந்து கிழித்தது, கூத்தில் இரண்டும் பிரியாதவை என்று மறுப்பு எழலாம். வாயாங்கிலும் தீட்டுக் கழிக்கும் ‘ருவாத்தான்’ சடங்கு உண்டு. நம் திரௌபதியம்மன் கோயில் தெருக்கூத்தும் விழாவின் உறுப்புத்தான். ஆனால் கூத்தர்களே இந்தக் கோட்டை அறிவார்கள். துகிலுரியும் கட்டத்தில் கற்பூரம் ஏற்றி வணங்குவது வேடக்காரன் தன் வேடத்தை உணர்ந்திருப்பதால்தான். பார்ப்பவருக்குச் சாமி வந்தால் திருநீறு பூசி அமர்த்துகிறார்கள். இரண்டும் அருகருகே இருக்கின்றன என்பதாலேயே இரண்டும் ஒன்றாகிவிடா.

அருளை நீக்கினால் ஆட்டம் வெறும் காட்சிப்பொருளாகிவிடும் என்பது இன்னொரு மறுப்பு. அந்த இழப்பு மெய்யானது. ஆனால் முழுத்தடை அதைவிடப் பெரிய இழப்பு. கிளந்தானில் 1990-களில் மாக் யோங் என்னும் நாட்டிய நாடகம் தடுக்கப்பட்டது. 2005-இல் அதையே யுனெஸ்கோ மனிதகுல மரபாகப் போற்றியது. மாபோக் தம் மார்க்கத்துக்கு ஒக்குமா என்பதை முஸ்லிம்கள் தமக்குள் ஆராய்ந்து முடிவு செய்யட்டும். அது அவர்கள் உரிமை. குதிரையும் கோங்கும் கதையும் அந்த விசாரணையில் குற்றவாளிகள் ஆகக்கூடாது. தைப்பூசத்தில் காவடி எடுக்கும் ஜொகூர்த் தமிழர்களுக்கும் இதில் ஒரு கடமை உண்டு: பக்கத்துக் கம்பத்தில் ஒருவர் தன்னை மறந்து ஆடும்போது, அதைப் பித்து என்று நகையாமல் இருப்போம்.