அளந்து பார், அச்சம் விலகும்!

நீ கட்டிய சர்க்யூட் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ரீசெட் ஆகிறது. மல்டிமீட்டரோ 5.00 வோல்ட் என்று சத்தியம் செய்கிறது. சிப்பை மாற்றுகிறாய், கெபாசிட்டரை மாற்றுகிறாய், வயரை மாற்றுகிறாய். கடைசியில், "எனக்கு எலக்ட்ரானிக்ஸ் வராது" என்று பெட்டியை மூடி அலமாரியில் ஏற்றிவிடுகிறாய்.

தம்பி, தங்கை, நில்! உன் மேல் நீயே எழுதிய அந்தத் தீர்ப்புக்கு எந்தச் சாட்சியை விசாரித்தாய்? கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். மின்சாரத்தைத் தீர விசாரிக்கும் கருவிதான் ஆசிலாஸ்கோப். மீட்டர் சொல்வது சராசரியை. ஒரு நொடியில் லட்சத்தில் ஒரு பங்கு நேரம் மின்னழுத்தம் சரிந்து எழுந்தால், அதை ஸ்கோப்தான் பிடித்துக் காட்டும். உனக்கு அறிவு குறையவில்லை, பார்க்கும் கண்தான் இல்லாமல் இருந்தது!

1897-இல் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் ஒரு கண்ணாடிக் குழாயில் மின்னோட்டத்தின் அசைவை ஒளிப்புள்ளியாக ஆடவைத்தார். நெடுங்காலம் பெரிய ஆய்வுக்கூடங்களின் சொத்தாக இருந்த அந்தக் கண், இன்று உன் மேசைக்கே வந்துவிட்டது. 12 பிட் ஸ்கோப்பைப் பொழுதுபோக்காளர்களுக்கும் எட்டும் விலையில் 2023-இல் கொண்டுவந்தது ரைகால் நிறுவனத்தின் டிஎச்ஓ800 வரிசை. அதற்கு நேர் போட்டி சிக்லென்ட்டின் எஸ்டிஎஸ்800எக்ஸ் எச்டி வரிசை.

12 பிட் என்றால் என்ன? பழைய 8 பிட் ஸ்கோப்பின் ஏணியில் 256 படிகள். 12 பிட்டில் 4096 படிகள்! திரை முழுக்க 8 வோல்ட் என்று வைத்தால், முன்னதன் ஒரு படி 31 மில்லிவோல்ட், பின்னதன் ஒரு படி 2 மில்லிவோல்ட். 5 வோல்ட்டின் முதுகில் ஏறிவரும் 10 மில்லிவோல்ட் ரிப்பிள் முதல் ஏணியில் ஒரு படிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும், இரண்டாவதில் பிடிபடும்.

ரைகால் டிஎச்ஓ804, சிக்லென்ட் எஸ்டிஎஸ்804எக்ஸ் எச்டி இரண்டுக்குமே 4 சேனல், 70 மெகாஹெர்ட்ஸ், 7 அங்குலத் தொடுதிரை. ஒரு சேனல் மட்டும் ஓடினால் ரைகால் நொடிக்கு 125 கோடி சாம்பிள் எடுக்கும். சிக்லென்ட் 200 கோடி. நான்கும் ஓடினால் சேனலுக்கு ரைகால் ஏறக்குறைய 31 கோடி, சிக்லென்ட் 50 கோடி. வேகமான டிஜிட்டல் சிக்னல்களை ஒருசேரப் பார்க்க வேண்டுமா? சிக்லென்ட்டை எடு. யுஎஸ்பி-சி அடாப்டரில் ஓடும் சிறிய கருவி வேண்டுமா? ரைகாலை எடு. ஆடியோவுக்கும் பவர் சப்ளைக்கும் எதுவானாலும் போதும். கையில் காசு குறைவா? இரண்டு வரிசையிலும் 2 சேனல் மாடல் இருக்கிறது. ஒப்பிட்டு ஒப்பிட்டே ஓராண்டைக் கரைக்காதே!

அதையும் வாங்க வழியில்லையா? தளராதே! கல்லூரி லேபில் இருக்கும் 8 பிட் ஸ்கோப்பில் ஏசி கப்ளிங் பொத்தானை அழுத்து. 5 வோல்ட் விலகிக்கொள்ளும். மிஞ்சிய ரிப்பிளைப் பெரிதாக்கிப் பார். கருவி சிறியதானால் கருத்து பெரிதாகட்டும்!

துணிவு வேறு, முரட்டுத்தனம் வேறு. பெரும்பாலான ஸ்கோப்புகளில் ப்ரோபின் கிரவுண்ட் கிளிப் எர்த்தோடு இணைந்தது. எந்த ஸ்கோப்பானாலும் வீட்டு மின் இணைப்பில் அதை ஒருபோதும் மாட்டாதே.

இப்போது எழு! அலமாரியில் இருக்கும் பெட்டியை இறக்கு. டிசி கப்ளிங்கில் ப்ரோபை 5 வோல்ட் பாதையில் வை. ட்ரிக்கரை 4.5 வோல்ட்டில், இறங்கும் விளிம்பில் நிறுத்து. 'சிங்கிள்' பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திரு. பத்து நிமிடம் கழித்து, உன் சர்க்யூட்டில் உள்ள ரிலே இழுக்கும் அந்த நொடியில் ஒரு பள்ளம் திரையில் உறைந்து நிற்கலாம். நின்றால், குற்றவாளி அதுதான்! நிற்காவிட்டால், சப்ளை நிரபராதி. அடுத்த சாட்சியை விசாரி.

"எனக்கு வராது" என்ற சொல்லை இனி அளக்காமல் சொல்லாதே. அளந்தவன் அதைச் சொல்ல மாட்டான். அடுத்து எங்கே ப்ரோப் வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்!