கோல் கொடுத்த கருணை

மகோற்சவ காலத்திலே எம்பெருமான் மூலஸ்தானத்தை விட்டு எழுந்தருளி வீதியுலா வருகின்றார். கருவறையில் வீற்றிருக்கும் கடவுள் வெளியே வரவேண்டியதன் காரணம் என்ன என்று சிறுவர்கள் கேட்பதுண்டு. படுக்கையிற் கிடக்கும் நோயாளர், தள்ளாத முதியோர், உள்ளே வரமுடியாதோர் ஆகிய எல்லோருக்கும் காட்சி கொடுப்பதற்காகவே பெருமான் வெளியே வருகின்றார் என்பது பெரியோர் சொல்லிவந்த விளக்கம். அடியவன் வரமுடியாத இடத்துக்கு ஆண்டவன் வருகின்றான். திருவிழாவின் உட்கருத்து இதுவே. இதனை மனத்திற் கொண்டு, உடல் இயலாமையோடு பிறந்த பிள்ளைகளையும் அவர்களை வளர்க்கும் குடும்பங்களையும் பற்றிச் சிறிது சிந்திப்பது திருவிழா மலருக்குப் பொருத்தமாகும்.

பிள்ளையார் கோயில் ஒன்றின் மணியோசை கேட்கும் தூரத்தில் ஒரு குடும்பம். தகப்பன் தோட்டஞ் செய்பவர். மூத்தது பெண்பிள்ளை, வயது 12. இளையவனுக்கு வயது 9. மூத்தவளுக்குப் பிறவியிலிருந்தே இரண்டு கால்களும் வழங்குவதில்லை. பெருமூளை வாதம் என்று வைத்தியர்கள் சொன்னார்கள். பிள்ளை கருவில் இருக்கும்போதோ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ வளரும் மூளைக்கு ஏற்படும் பாதிப்பினால் தசைகள் இறுகி, அசைவு கட்டுக்கு அடங்காமற் போவது இந்த நிலை. இது தொற்றுவதில்லை. இவ்வாறான பிள்ளைகள் பலருக்கு அறிவிலே ஒரு குறையும் இல்லை. இந்தப் பிள்ளையும் அப்படித்தான். பஞ்ச புராணத்தை ஓதத் தொடங்கினால் தம்பி தடுமாறும் இடங்களில் எடுத்துக் கொடுப்பவள் அவளே.

சிறு வயதிலே அவளைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் போகாத இடமில்லை. ஆஸ்பத்திரிக் கிளினிக்குகள், எண்ணெய் வைத்தியம் செய்யும் பரியாரியார் வீடுகள், செல்வச்சந்நிதி, மாவிட்டபுரம், கீரிமலை என்று நேர்த்திக்கு மேல் நேர்த்தி வைத்தார்கள். ஒருநாள் தாய் அவளுக்குச் சட்டை மாற்றித் தலை இழுத்துக்கொண்டிருந்தபோது பிள்ளை கேட்டது: "அம்மா, இண்டைக்கு எதுக்குப் போறம்? எனக்குச் சுகமாகிறதுக்கோ, சும்மாவோ? தம்பியை மட்டும் சும்மாவும் கூட்டிக்கொண்டு போறியள்."

தாயிடம் மறுமொழி இருக்கவில்லை. பன்னிரண்டு வருடங்களில் அந்தப் பிள்ளை வெளியே போன பயணங்கள் எல்லாம் அவளை மாற்றுவதற்காகவே இருந்தன. அவளை மகிழ்விப்பதற்கு என்று ஒன்றாவது இருந்ததா? கோயிலுக்குப் போனபோதும் அவள் அடியாராகப் போகவில்லை. பெற்றோரின் கையில் ஒரு விண்ணப்பமாகவே போனாள்.

சுகம் வேண்டி இறைவனிடம் போவது தவறு என்று எவரும் சொல்லமாட்டார்கள். மாவிட்டபுரத்தின் ஐதீகமே அதுதான். குதிரை முகத்தோடு இருந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் நீராடி, அம்முகம் நீங்கப்பெற்று, முருகனுக்குக் கோயில் அமைத்தாள் என்பர். அந்தக் கதையிலே இன்னுமொரு செய்தி உண்டு. முகம் வேறுபட்ட மகளை அவள் தந்தை அந்தப்புரத்தில் மறைத்து வைக்கவில்லை. தோழியரோடும் பரிவாரத்தோடும் கடல் கடந்து போகவிட்டான். சுகம் பின்னர் வந்தது. பயணம் முதலில் நடந்தது.

அந்தக் குடும்பத்தின் பயணங்களோ வரவர நின்றுபோயின. பிள்ளை பாரமானாள். தகப்பனின் சைக்கிளில் இருத்திக் கொண்டு போகும் காலம் முடிந்துவிட்டது. ஓட்டோவுக்குக் காசு தேடவேண்டும். போன இடத்திலே பார்வைகளைத் தாங்கவேண்டும். "ஐயோ பாவம்" என்று ஒருவர் உச்சுக்கொட்டுவார். "என்ன வினையோ" என்று இன்னொருவர் பெருமூச்சு விடுவார். கேட்பவளுக்குக் கால்தான் வழங்காது, காது நன்றாகக் கேட்கும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

இந்த "வினை" என்ற சொல்லைச் சைவர்கள் அவதானமாகக் கையாளவேண்டும். வினை எல்லா உயிருக்கும் உண்டு என்பது சைவசித்தாந்தம். நிமிர்ந்து நடப்பவனும் வினையினாலேயே உடம்பு எடுத்தான். தனு, கரண, புவன, போகங்களை இறைவன் உயிர்களுக்குக் கொடுத்தது தண்டிப்பதற்காக அன்று, ஆணவ மலத்தினின்றும் மீட்பதற்காக. ஆகவே ஓடும் காலும் அவன் தந்த தனு, வளைந்த காலும் அவன் தந்த தனு. கந்தோரிலே ஒருவருடைய கோவையை அதற்குரிய உத்தியோகத்தர் மட்டுமே திறக்கலாம், வழியிற் போகிறவர் திறந்து வாசிக்க முடியாது. உயிர்களின் வினைக் கோவை இறைவனுடைய மேசையில் இருக்கின்றது. வினைக் கொள்கை ஒவ்வொருவரும் தம்மைத் தாம் திருத்துவதற்காகச் சொல்லப்பட்டது. அயல்வீட்டுப் பிள்ளையின் காலைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதற்கு அன்று.

பெரிய புராணத்தை அறிந்தவர்கள் சுந்தரமூர்த்தி நாயனார் கண்ணிழந்த வரலாற்றை அறிவர். சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கைக் கடந்து திருவொற்றியூரை விட்டு நீங்கியதும் அவருக்கு இரு கண்களும் மறைந்தன. இறைவனுக்குத் தோழராகிய அவருக்கு எம்பெருமான் அந்தக் கணமே கண்ணைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. திருவெண்பாக்கத்திலே ஊன்றுகோல் ஒன்று கொடுத்தார். பின்பு காஞ்சியிலே ஒரு கண், திருவாரூரிலே மற்றக் கண். கண் கிடைத்த பின்புதான் பயணம் என்று சுந்தரர் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு தலந்தலமாகப் போனார். முதலிலே கிடைத்த அருள் கோல்தான். அந்தக் கோலின் இடத்தில் இன்று சக்கர நாற்காலி இருக்கின்றது, ஊன்றுகட்டை இருக்கின்றது, செயற்கைக் கால் இருக்கின்றது. அவற்றைக் கண்டு வெட்கப்படுவது சுந்தரர் பெற்ற கோலைக் கண்டு வெட்கப்படுவது போலாகும்.

தண்டியடிகள் நாயனாரும் அப்படியே. பிறவியிலேயே கண்ணில்லாதவர். திருவாரூர்த் திருக்குளத்தைத் தோண்ட விரும்பினார். குளத்தினுள்ளும் கரையிலும் தறிகளை நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவிக்கொண்டே மண்ணைச் சுமந்தார். சமணர் பரிகசித்துத் தறியையும் கயிற்றையும் பிடுங்கினார்கள். பின்னர் அவர் கண் பெற்றதைப் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். கண் பெறுவதற்கு முன்னரே அவர் தொண்டராக இருந்தார் என்பதையும், அந்தத் தொண்டுக்குக் கயிறு துணையாக நின்றது என்பதையும் மறக்கலாகாது. கயிறு கட்டிக் கொடுப்பதும் சிவதொண்டே. அதைப் பிடுங்குவது எது என்று சொல்ல வேண்டியதில்லை.

திருநாளைப்போவார் நாயனார் வரலாறு ஆலயங்களுக்கு நேரே சொல்லப்பட்டது போன்றது. அந்நாளைய வழக்கம் அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. திருப்புன்கூரிலே அவர் இறைவனை நேரே காண ஆசைப்பட்டபோது நந்தி மறைத்தது. எம்பெருமான் அடியவரை விலகச் சொல்லவில்லை, நந்தியை விலகச் செய்தார். ஓர் அடியாருக்கும் இறைவனுக்கும் நடுவே எது மறைக்கின்றதோ, விலகவேண்டியது அதுதான்.

அந்தக் குடும்பத்தின் கதைக்கு மீண்டும் வருவோமாயின், தேர்த்திருவிழாவன்று அவர்கள் பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டு வருவது வழக்கம். ஆனால் காலையில் அல்ல. தேர் இருப்புக்கு வந்து, சனம் கலைந்து, அன்னதானமும் முடிந்த பிற்பாடு தகப்பன் அவளைக் கொண்டுவந்து தேரடியில் வைத்துக் கும்பிடச் செய்து கூட்டிக்கொண்டு போவார். நெரிசலுக்கும் பயம், பார்வைக்கும் பயம். சப்பறத் திருவிழா இரவு ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருந்தபோது பிள்ளை சொன்னது: "அப்பா, நாங்கள் ஒவ்வொரு வருஷமும் நிண்ட தேரைத்தானே பாக்கிறம். ஓடுற தேரை ஒருக்காக் காட்டமாட்டியளே?"

தகப்பன் அன்றிரவே கோயிலுக்குப் போனார். வடத்துக்குப் பொறுப்பாக இருந்த முதியவரிடம், வேறு ஏதோ கதைப்பது போலத் தொடங்கிக் கடைசியில் இதைச் சொன்னார். முதியவர் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விடியப் பிள்ளையைக் கொண்டு வா தம்பி. மிச்சத்தைப் பிள்ளையார் பாப்பார்" என்றார்.

விடிந்தது. வெளிவீதி மணலிலே சக்கர நாற்காலியின் சின்னச் சில்லுகள் புதைந்தன. தகப்பன் தள்ளத் தள்ள இன்னும் புதைந்தன. தொண்டர் பொடியன்கள் இரண்டு பேர் ஓடிவந்து நாற்காலியைத் திருப்பி, முன் சில்லை உயர்த்தி, பெரிய சில்லில் மட்டும் பின்பக்கமாக இழுத்தார்கள். மணலிலே அதுதான் வழி. தேர் புறப்படுமுன், பெண்கள் பிடிக்கும் வடத்தின் நுனிப்பக்கத்தில், நெரிசல் இல்லாத ஓரமாக அவளை நிறுத்தினார்கள். சிதறு தேங்காய் உடைந்தது. பறையும் சங்கும் முழங்கின. அரோகரா ஒலி எழுந்தபோது அவளுடைய கையிலும் வடம் இருந்தது. தேர் அசைந்தது. ஒரு பாகத் தூரம் இழுத்தாள், பின் கையை விட்டாள், தொண்டர்கள் அவளை ஓரத்துக்கு எடுத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. கால் வழங்கவில்லை, அற்புதம் எதுவும் நிகழவில்லை. ஓடுகின்ற தேரை ஒரு பிள்ளை கண்டது. அவளுக்குப் பக்கத்திலே தாய் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள்.

நாள்தோறும் உலகம் காண்கின்ற சூரியனுடைய தேரைச் செலுத்துபவன் அருணன். அவனுக்கு அனூரு என்றும் பெயர், தொடையில்லாதவன் என்பது பொருள். தாய் வினதை பொறுமை இழந்து முட்டையை முன்னரே உடைத்தமையால் உடல் நிரம்பாமற் பிறந்தவன் என்று மகாபாரதம் சொல்கின்றது. கால் நிரம்பாத அவனிடந்தான் அந்தத் தேரின் கடிவாளம் கொடுக்கப்பட்டது.

ஆலயங்களும் அடியார்களும் செய்யவேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. சக்கர நாற்காலி வீதியில் வந்தது, அதை எப்படி உள்ளே விடுவது என்று சிலர் தயங்குகிறார்கள். வீதியில் நடந்த காலைக் கழுவிவிட்டுத்தானே எல்லோரும் உள்ளே போகிறார்கள்? சில்லையும் கழுவித் துடைத்தால் முடிந்தது. கோபுர வாசற்படியை மாற்றவேண்டியதும் இல்லை. பக்க வாசல் ஒன்றில் எடுத்து வைக்கக்கூடிய மரச் சாய்தளம் போதும். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு. ஆறு அங்குலப் படிக்கு ஆறு அடி. இதற்கு மேல் செங்குத்தானால் தள்ளுபவருக்கும் கஷ்டம், இருப்பவருக்கும் ஆபத்து. கழிவறை ஒன்றின் கதவாவது நாற்காலி நுழையும் அகலத்தில் இருக்கவேண்டும். இப்படியான குடும்பம் ஓரிடத்தில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதை அதுவே தீர்மானிக்கின்றது. இதைப் பெற்றோர் வெளியே சொல்ல வெட்கப்படுவதால் பரிபாலன சபைகள் தாமாக உணரவேண்டும்.

நாட்டின் சட்டமும் இதையே சொல்கின்றது. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், பொதுமக்கள் செல்லும் இடங்களுக்கு இயலாமையுடையோர் செல்வதைத் தடுக்கலாகாது என்கின்றது. கட்டடங்களுக்குள் அவர்கள் செல்வதற்கான வசதிகள் பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. சட்டம் கட்டாயப்படுத்துமுன் அன்பினாற் செய்வது சைவர்களுக்கு அழகு.

அயலவர் செய்யக்கூடியது இன்னும் எளிது. "பிள்ளைக்கு மோர் குடுக்கலாமோ?" என்று தாயிடம் கேட்பதை விட்டு, "பிள்ளை, மோர் குடிக்கிறியளோ?" என்று பிள்ளையிடமே கேட்கலாம். தம்பியையும் ஒருவர் கவனித்துக் கச்சான் வாங்கிக் கொடுக்கலாம், அவனும் பிள்ளைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் பிள்ளையின் பக்கத்தில் கால் மணித்தியாலம் இருந்தால், அந்தத் தாய் உள்வீதி ஒருமுறை சுற்றி ஆறுதலாகக் கும்பிட்டு வருவாள். பன்னிரண்டு வருடங்களாகக் கண்ணை மூடிக் கும்பிடாத தாய்மார் ஊர்தோறும் இருக்கிறார்கள். கண்ணை மூடினால் பிள்ளை சரிந்துவிடும் என்ற பயம் அவர்களுக்கு.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பிள்ளையைச் சும்மாவும் வெளியே கூட்டிச் செல்லுங்கள். கீரிமலைக் கடற்காற்றுக்கும், நல்லூர் வீதியில் ஐஸ்கிறீமுக்கும், அயற்கோயிற் பொங்கலுக்கும் அந்தப் பிள்ளைக்கும் உரிமை உண்டு. நேர்த்தியை விடவேண்டியதில்லை. சுகம் வருவது இறைவன் திருவுளம். அது வரும்வரை அவன் கொடுத்த கோலை ஊன்றிக்கொண்டு புறப்படுவது அடியாரின் கடமை.

அடுத்த கொடியேற்றத்துக்கு முன்னர் ஒவ்வோர் ஊரிலும் மூடிய படலைக்குப் பின்னால் இருக்கும் பிள்ளை யார் என்று அடியார்கள் ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக. விக்கினங்களைத் தீர்க்கும் விநாயகப் பெருமான் அந்தப் படலைகள் திறக்கவும், வாசல்களில் மறைப்பவை விலகவும் திருவருள் பாலிப்பாராக.

சுபம்.