ஹார்பரிலிருந்து சேப்பாக்கம்

திருவொற்றியூரில் முப்பத்தைந்தைத் தாண்டிய ஒருவன் "மறுபடியும் காலேஜ்ல சேரலாம்னு இருக்கேன்" என்று சொன்னால் இரண்டு பதில்கள் வரும். ஒன்று, "இனிமே படிச்சு என்ன பண்ணப் போற?" இன்னொன்று கொஞ்சம் மரியாதையானது. "ராமானுஜன் என்ன டிகிரியா வாங்கினாரு? ஆர்வம் இருந்தா வீட்லயே படிக்கலாமே."

இந்த வருடம் இரண்டையும் நிறையக் கேட்டுவிட்டேன். எனக்கு 36 வயது. பி.இ. முடித்துவிட்டு பதினான்கு வருடமாக மென்பொருள் வேலை. தினமும் விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, சின்னமலையில் இறங்கி, பஸ் பிடித்து தரமணி போகிறேன். எம்.ஏ. தத்துவம் படிக்க விண்ணப்பிக்கலாமா என்பது என் யோசனை.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். ஒன்றும் பண்ணப் போவதில்லை. சம்பளம் ஒரு ரூபாய்கூட ஏறாது. என்னைத் தொந்தரவு செய்தது இரண்டாவது பதில்தான். ராமானுஜன் எங்கள் பக்கத்து ஆள். ராயபுரத்தில் அவருக்கென்று ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன் முயற்சியில் 1993இல் வந்தது. ஹார்பரில் வேலை பார்த்த என் அப்பா, "எங்க ஆபீஸ்ல இருந்த மனுஷன்" என்றுதான் அவரைப் பற்றிச் சொல்வார். ஆனால் அவரை 'வீட்டிலேயே படித்தவர்' என்று உதாரணம் காட்டுவது சரியில்லை.

நடந்தது இது. கணக்கைத் தவிர எதிலும் மனம் போகாமல் கும்பகோணத்திலும் பச்சையப்பன் கல்லூரியிலும் அவர் படிப்பு நின்றுபோனது. எஃப்.ஏ. தேறவில்லை. 1912 மார்ச் 1 அன்று மதராஸ் போர்ட் டிரஸ்டின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்க்கு குமாஸ்தாவாகச் சேர்ந்தார். தலைமைக் கணக்கர் நாராயண ஐயரும் தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவரைப் புரிந்துகொண்டார்கள். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் எழுதியபோது, துறைமுகக் கணக்குப் பிரிவு குமாஸ்தா என்றுதான் தன்னை அறிமுகம் செய்துகொண்டார். அடுத்த மாதம் வானிலைத் துறையின் கில்பர்ட் வாக்கர் அவர் வேலையைப் பார்த்துவிட்டு சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரைத்தார். ஆய்வு உதவித்தொகைக்கு முதுகலைப் பட்டம் வேண்டும் என்பது விதி. இவரிடம் இளங்கலைகூட இல்லை. பல்கலைக்கழகம் விதியைத் தளர்த்தி, 1913 மே முதல் இரண்டு வருடத்துக்கு மாதம் 75 ரூபாய் கொடுத்தது. போர்ட் டிரஸ்ட் சம்பளமில்லாத விடுப்பு கொடுத்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தரவேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பிறகு கேம்பிரிட்ஜ் போய் 1916இல் பட்டமும் வாங்கினார்.

ஹார்பரிலிருந்து சேப்பாக்கம் நடந்தே போய்விடக்கூடிய தூரம். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த, கல்யாணமான ஒருவர் அந்தத் தூரத்தைக் கடக்க இத்தனை பேர் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கடந்தபின் கிடைத்தது இரண்டு விஷயம்: நேரம், வாசிக்கத் தெரிந்த ஆட்கள்.

இரண்டாவதைப் பற்றி முதலில். தனியாகப் படித்ததற்கு ராமானுஜன் ஒரு விலை கொடுத்திருக்கிறார். ஆரம்ப காலத்தில் அவர் கண்டுபிடித்தவற்றில் கணிசமானவை ஐரோப்பாவில் ஏற்கெனவே தெரிந்திருந்தவை. சொல்ல ஆள் இல்லாததால் தெரிந்ததையே மறுபடி கண்டுபிடிப்பதில் வருடங்கள் போயின. மேதைக்கே அப்படி என்றால், மெட்ரோவில் நின்றுகொண்டு எட்டு வருடமாகத் தத்துவம் வாசிக்கும் என்னைப் போன்றவன் எங்கே நிற்பேன்? ஆபீஸில் நான் எழுதும் நாற்பது வரி கோடை இரண்டு பேர் பார்த்து, "இந்த இடத்துல உடையும்" என்கிறார்கள். கர்மா பற்றியோ காண்ட் பற்றியோ நான் மனதில் கட்டி வைத்திருக்கும் எதையும் இதுவரை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. புத்தகம் எங்கும் கிடைக்கும், யூடியூபில் பாடம் கிடைக்கும். 'நீ சொல்வது தப்பு, இதோ காரணம்' என்று எழுதித் தரும் ஆள் அங்கே கிடைப்பதில்லை. பல்கலைக்கழகம் எல்லா நேரமும் அதைத் தருவதில்லைதான். ஆனால் அதைத் தருவதற்கென்றே இருக்கும் இடம் அது.

இதை என் தெரு நண்பனிடம் சொன்னேன். எண்ணூரில் காண்ட்ராக்ட் ஃபிட்டர். பத்தாவது, அப்புறம் ஐ.டி.ஐ. ஒரு காலத்தில் பிளஸ் டூ இல்லாமலே திறந்தநிலையில் டிகிரி படிக்கலாம் என்று இருந்தான். 2009இல் அடிப்படைப் பட்டம் இல்லாமல் நேரடியாக வாங்கிய முதுகலைப் பட்டம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு தமிழக அரசும், அரசு வேலைக்கு பத்து, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசை வேண்டும் என்று ஆணையிட்டது. அதனால் இப்போது அவன் தனித்தேர்வராக பிளஸ் டூ எழுதிக்கொண்டிருக்கிறான். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு, பையனின் பழைய புத்தகத்தில். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "மச்சான், உனக்கு அது ஆசை. எனக்கு அது கேட் பாஸ்" என்றான்.

அவன் கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அதில் ஒரு கேள்வி இருந்தது. ஏற்கெனவே உள்ளே இருப்பவன் இன்னொரு முறை வரிசையில் நிற்கலாமா? முழுநேர வகுப்பில் இடங்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. அங்கே நான் உட்கார்ந்தால் வீட்டிலிருந்து முதன்முதலாகப் படிக்க வரும் ஒரு இருபத்தொரு வயதுப் பெண்ணின் இடமாக அது இருக்கலாம். தொலைநிலையில் அந்தச் சங்கடம் குறைவு. ஆக, விண்ணப்பித்தால் தொலைநிலை. அதுவரை சரி. ஆனால் ஆசைக்காகப் படிப்பதே தப்பு என்று நான் நினைக்கவில்லை. கேட் பாஸுக்காக மட்டுமே படிக்கலாம் என்று வைத்தால், என் நண்பன் பாஸ் வாங்கியபின் எதையும் விரும்ப உரிமையற்றவன் ஆகிவிடுகிறான்.

இனி நேரம். 1823இல் லண்டனில் ஜார்ஜ் பிர்க்பெக் முதலானோர் தொழிலாளர்களுக்காக ஒரு கல்வி நிலையம் தொடங்கினார்கள். இன்றைய பிர்க்பெக் கல்லூரி அதன் தொடர்ச்சி, மாலை வகுப்புகளுக்குப் பேர்போனது. நம் பக்கம் 1981இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வி நிறுவனம், 1985இல் இக்னோ, 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். எல்லாமே நல்ல கதவுகள். ஆனால் எல்லாவற்றிலும் ஒரு பொது ஏற்பாடு இருக்கிறது: கம்பெனியின் எட்டு மணி நேரத்தை யாரும் தொடமாட்டார்கள். ராமானுஜனுக்கு ஆபீஸ் விடுப்பு கொடுத்தது. எங்களுக்கு அந்த நேரத்தை வீடுதான் கொடுக்கவேண்டும். ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும் யாருக்கும் சொந்தமில்லாமல் சும்மா கிடக்கிற மாதிரி ப்ராஸ்பெக்டஸில் எழுதியிருக்கும். சும்மா கிடப்பதில்லை. அந்த நேரத்தில் யாரோ சமைக்கிறார்கள், யாரோ குழந்தைக்கு ஹோம்வொர்க் சொல்லித் தருகிறார்கள்.

ராமானுஜன் விஷயத்திலும் ஆபீஸ் மட்டும் கொடுக்கவில்லை. 1909இல் கல்யாணம் நடந்தபோது ஜானகிக்குப் பத்து வயது. 1914 மார்ச் 17 அன்று கப்பல் மதராஸை விட்டுக் கிளம்பியபோது பதினைந்துகூட நிறையவில்லை. 1919இல் திரும்பியவர் 1920 ஏப்ரல் 26 அன்று இறந்துவிட்டார். ஜானகி 1994 வரை வாழ்ந்தார், பல வருடங்கள் திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து. அந்த ஐந்து வருடங்கள் உலகத்துக்கு என்ன தந்தன என்று நமக்குத் தெரியும். அவை யாரிடமிருந்து எடுக்கப்பட்டன என்பதையும் சேர்த்தால்தான் கணக்கு முழுசாகும். ராமானுஜன் போயிருக்கக் கூடாது என்று சொல்லவரவில்லை. எனக்கு அவர் திறமை இல்லை. அதனால் அந்தப் பற்று வரியைத் தாண்டிப் போகும் தைரியமும் இல்லை.

என் மனைவி பி.எஸ்ஸி. கணக்கு. மகள் பிறந்ததிலிருந்து வேலைக்குப் போகவில்லை. மாலையில் தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். நான் எம்.ஏ. பேச்சை எடுத்தபோது வீட்டில் எல்லாரும் இரண்டு நிமிடத்தில் ஒத்துக்கொண்டார்கள். அவளும் "படிங்க" என்றாள். கொஞ்ச நாள் கழித்து, "நானும் பி.எட். போடலாம்னு இருக்கேன்" என்றாள். அதே ஆட்கள், அதே கூடம். "குழந்தைய யார் பாத்துப்பா?" என்றார் அம்மா. என் விஷயத்தில் அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றவே இல்லை. பதில் அவள்தான் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

பி.எட். இரண்டு வருடம். தினம் வகுப்பு, பிறகு பள்ளிக்கூடத்தில் பயிற்சி. தொலைநிலை எம்.ஏ.வைப் போல் ஓரமாக வைத்துப் படிக்க முடியாது. இரண்டையும் ஒரே சமயத்தில் செய்ய எங்கள் வீட்டில் ஆட்கள் போதாது. தத்துவத்தில் இதற்குப் பெரிய பெயர்கள் இருக்கலாம், எனக்கு அது ஷிப்ட் ரோஸ்டர் மாதிரிதான் தெரிந்தது. ஒருவர் இத்தனை வருடம் நைட் பார்த்திருந்தால் அடுத்த ஷிப்ட் யாருடையது என்று எங்கள் பக்கத்தில் யாரிடமும் விளக்க வேண்டாம்.

அதனால் இந்த வருடம் எங்கள் வீட்டிலிருந்து ஒரு விண்ணப்பம் போகிறது. அது அவளுடையது. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன். மாலை டியூஷனில் எட்டாம் வகுப்பு வரை நான் எடுப்பதாகப் பேச்சு. பிள்ளைகளுக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. என் முறை வரும்போது எனக்கு 38. "இனிமே படிச்சு என்ன பண்ணப் போற?" என்று அப்போதும் கேட்பார்கள். ஒன்றும் பண்ணப் போவதில்லை என்றுதான் அப்போதும் சொல்வேன்.