கான் நகரத்து மருத்துவமனையில் ஒரு புனிதர்



ஜூலை 12 அன்று திருச்சபை ஒரு கணவனையும் மனைவியையும் சேர்த்து நினைவுகூருகிறது: லூயி மார்ட்டின், செலி குரின். அவர்களுடைய கடைசிப் பெண்ணை உங்கள் எல்லாருக்கும் தெரியும். சிலுவையும் ரோஜாப் பூக்களும் ஏந்தி நம் வீட்டுச் சுவர்களில் இருக்கும் குழந்தை இயேசுவின் புனித தெரசாதான் அவர். 'சிறுமலர்' என்று அவர் பெயரில் நம் ஊர்களில் எத்தனை பள்ளிக்கூடங்கள்! அந்தச் சிறுமலரைப் பெற்ற தகப்பனைப் பற்றி இன்று பேசுகிறேன். முக்கியமாக, அவர் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வேகமாகத் தாண்டிவிடும் மூன்று ஆண்டுகளைப் பற்றி.

லூயி 1823-ல் பிரான்சின் போர்தோ நகரில் ஒரு படைவீரர் வீட்டில் பிறந்தார். வாலிப வயதில் துறவியாக ஆசைப்பட்டு, ஆல்ப்ஸ் மலைமேல் இருந்த புனித பெர்நார்து மடத்துக்குப் போனார். லத்தீன் படித்துவிட்டு வரச் சொன்னார்கள். படித்துப் பார்த்தார், முடியவில்லை. அலான்சோன் என்ற ஊரில் கடிகாரக் கடை வைத்தார். செலியும் கன்னியர் மடத்தில் சேரப் போய் ஏற்றுக்கொள்ளப்படாதவர்தான். நாகர்கோவில் பக்கத்துப் பெண்களுக்குப் பழக்கமான லேஸ் பின்னல் அவர் தொழில்; அலான்சோன் லேஸ் என்றால் பிரான்சு முழுக்க மதிப்பு. 1858 ஜூலை 13 நள்ளிரவில் இருவருக்கும் திருமணம் நடந்தது. ஒன்பது பிள்ளைகள் பிறந்தார்கள். நான்கைச் சிறு வயதிலேயே அடக்கம் செய்தார்கள். ஐந்து பெண்கள் மிஞ்சினார்கள்.

லூயி எப்படிப்பட்ட கணவர் என்று கேட்டால் நான் ஒன்றைத்தான் சொல்வேன். 1870-ல் தன் கடையைச் சகோதரியின் மகனிடம் விட்டுவிட்டு, மனைவியின் லேஸ் தொழிலுக்குத் துணையாகப் போனார். கணக்கு பார்த்தார், பாரிசுக்குப் போய் ஆர்டர் பிடித்து வந்தார். அந்தக் காலத்தில், சொந்தமாக ஒரு தொழில் வைத்திருந்த ஆண், அதை விட்டுவிட்டு மனைவியின் தொழிலுக்குத் தோள் கொடுத்தார் என்பது சின்ன விஷயமா?

1877 ஆகஸ்டில் மார்பகப் புற்றுநோய் செலியைக் கொண்டுபோனது. அவருக்கு வயது 45. தெரசாவுக்கு நாலரை. தாயில்லாப் பெண்களுக்குத் தாய்மாமன் வீடு பக்கத்தில் இருக்கட்டும் என்று லூயி லிசியே நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். வயதான தாயாரையும் பழகிய நண்பர்களையும் அலான்சோனில் விட்டுவிட்டுத்தான் போனார்.

அதன் பிறகு பெண்கள் ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். 1882-ல் பொலின் கார்மேல் மடத்துக்குப் போனாள். 1886-ல் மூத்தவள் மரி. மறு ஆண்டு பெந்தகோஸ்து திருநாள் மாலையில், தோட்டத்தில் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, 'நானும் போகட்டுமா' என்று கேட்டாள் தெரசா. அவளுக்கு 14 வயது. அவர் ராணி என்று கூப்பிடும் பெண். அந்த மாதம் முதல் தேதிதான் அவருக்கு முதல் பக்கவாதம் வந்திருந்தது. நோயைச் சொல்லியே அவளை நிறுத்தியிருக்கலாம். அவர் அழுதார், சம்மதித்தார். சுவரோரம் பூத்திருந்த ஒரு சிறிய வெள்ளைப் பூவைப் பறித்துக் கையில் கொடுத்தார். அது வேரோடு வந்துவிட்டது. பெண்ணைக் கூட்டிக்கொண்டு ரோமாபுரிவரை போய், திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் முன்னால் அவள் மண்டியிட்டு அனுமதி கேட்கவும் வழி செய்தார்.

1888 ஏப்ரலில் தெரசா மடத்துக்குள் போனாள். ஜூன் மாதம் லூயி வீட்டைவிட்டுக் காணாமல் போனார். நான்கு நாள் தேடி லெ ஆவ்ர் துறைமுகத்தில் கண்டுபிடித்தார்கள். ஞாபகம் தடுமாறத் தொடங்கியிருந்தது. 1889 பிப்ரவரியில் ஒரு நாள் போர் நடப்பதாக நினைத்து, பெண்களைக் காப்பாற்றத் துப்பாக்கியைக் கையில் எடுத்துவிட்டார். பிப்ரவரி 12 அன்று அவரைக் கான் நகரத்து மனநல மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அறிவு கலங்கி, துப்பாக்கியைத் தூக்குகிற அந்த மனிதர் என்ன நினைத்துத் தூக்கினார்? 'என் பெண்களுக்கு ஆபத்து.' ஊர், பேர், நாள், கிழமை எல்லாம் நழுவிப்போகும்போதும் தகப்பன் என்ற நினைப்பு மட்டும் உள்ளே பிடித்துக்கொண்டு நிற்கிறது. இதைப் பைத்தியம் என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஊர் வாய் சும்மா இருந்ததா? பெண்கள் மடத்துக்குப் போனதால்தான், அதிலும் சின்னவள் போனதால்தான் இவருக்கு இப்படி ஆயிற்று என்றார்கள். அந்தப் பேச்சு மடத்துச் சுவரைத் தாண்டி தெரசாவின் காதிலும் விழுந்தது. சின்ன வயதில் அவளுக்கு ஒரு காட்சி தெரிந்திருந்தது: அப்பா வெளியூர் போயிருந்த நாளில், அவரைப் போன்ற உருவம், தலையைத் துணியால் மூடி, கூனிக் குறுகித் தோட்டத்தில் நடந்து போனது. நோயில் விழுந்த அப்பா முகத்தை மூடிக்கொள்கிறார் என்று கேட்டபோது அந்தக் காட்சியின் பொருள் அவளுக்குப் புரிந்தது. பாடுகளில் மறைக்கப்பட்ட இயேசுவின் திருமுகத்தை அவள் தன் துறவறப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டவள். அந்த முகத்தையும் அப்பாவின் முகத்தையும் அவள் பிரித்துப் பார்க்கவில்லை.

லூயிக்கும் தெளிந்த நேரங்கள் இருந்தன. நான் கட்டளையிட்டே பழகியவன், கீழ்ப்படியக் கற்றுக்கொள்ளத்தான் கடவுள் இதைத் தந்தார் என்ற பொருளில் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறார். மடத்துக்குப் போகாமல் இருந்த மற்ற இரண்டு பெண்கள், செலினும் லெயோனியும், கான் நகரத்திலேயே சில மாதம் தங்கி, அனுமதி கிடைத்த நாளிலெல்லாம் போய்ப் பார்த்தார்கள்.

உங்களில் சிலர் வீட்டில் இப்படி ஓர் அப்பா இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். பெற்ற பிள்ளையைப் பார்த்து 'நீ யாரப்பா' என்று கேட்கிறவர். விருந்தாள் வந்தால் நீங்கள் அவரை உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்துகிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை; அந்தக் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் 2015 அக்டோபர் 18 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இந்தத் தம்பதிக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, கான் மருத்துவமனையின் மூன்று ஆண்டுகளைக் கழித்துவிட்டுக் கொடுக்கவில்லை. அந்த அப்பாவை முன்கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். பேரப்பிள்ளைகள் அவர் பக்கத்தில் உட்காரட்டும்.

1892 மே மாதம், கால்கள் செயலிழந்த லூயியை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மே 12 அன்று கார்மேல் மடத்துக்குக் கடைசியாக ஒருமுறை கூட்டிப்போனார்கள். விடைபெறும்போது அவர் விரலை மேலே உயர்த்தி, விண்ணகத்தில் சந்திப்போம் என்று உணர்த்தினார். அதன்பிறகு இரண்டு ஆண்டு அவரைக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் செலின். 1894 ஜூலை 29 அன்று அவர் இறந்தார்.

அப்பா நேராக விண்ணகம் சேர்ந்தாரா என்று தெரசா கடவுளிடம் ஓர் அடையாளம் கேட்டாள். ஒரே குடும்பத்துப் பெண்கள் ஏற்கெனவே மூவர் உள்ளே இருக்க, நான்காவதாகச் செலின் வருவதை மடத்தில் ஒரு சகோதரி எதிர்த்துக்கொண்டிருந்தார். அவர் மனம் மாறினால் அதுவே பதில் என்று வேண்டிக்கொண்டாள். நற்கருணை வாங்கிவிட்டு அவள் வெளியே வந்தபோது அந்தச் சகோதரியே அழைத்து, கண்ணீரோடு செலினைப் பற்றிப் பேசினார். செப்டம்பர் 14 அன்று செலின் கார்மேல் மடத்தில் சேர்ந்தாள்.