இதைப் படிச்சா என்ன கிடைக்கும்?

போன மாதம் குருணில் சமய வகுப்பு முடிந்து கோயில் மண்டபத்தில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். லாரி ஓட்டும் ஓர் அப்பா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல புள்ளி எடுத்த பிள்ளை.

"தம்பி, நீங்களாச்சும் இவளுக்குச் சொல்லுங்க. பினாங்கு யூனிவர்சிட்டியில வரலாறு படிக்கப் போறாளாம். அப்புறம் தொல்பொருள் ஆராய்ச்சியாம். மண்ணத் தோண்டறதுக்கா யூனிவர்சிட்டி? எங்க தாத்தா அதைத்தானே தோட்டத்துல செஞ்சாரு? இதைப் படிச்சா என்ன கிடைக்கும்?"

மண்டபத்தில் எல்லாரும் சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்வியை மட்டமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை. பி.டி.பி.டி.என். கடனுக்குக் கையெழுத்துப் போடப்போகிற வீடு அது. அம்மா சுங்கை பட்டாணியில் தொழிற்சாலை வேலை. அந்த வீட்டில் போய், "கல்வி என்பது பணத்துக்காக அல்ல" என்று நாம் பேசினால், அது வயிறு நிறைந்தவன் பேச்சு. அப்பா கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதானா? அங்கேதான் எனக்குச் சந்தேகம்.

இதில் இன்னொன்றும் உண்டு. அவளுடைய அண்ணன் எலக்ட்ரிக்கல் டிப்ளோமா முடித்து இரண்டு வருஷமாக மோட்டார் சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்கிறான். அவன் சயன்ஸ் படிக்கப் போனபோது "என்ன கிடைக்கும்" என்று யாரும் கேட்கவில்லை. சயன்ஸ் என்றால் சோறு, ஆர்ட்ஸ் என்றால் பட்டினி என்று நாமே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறோம். நாட்டின் கணக்கும் அப்படித்தான் இருந்தது. அறுபது பங்கு அறிவியல், நாற்பது பங்கு கலை என்ற இலக்கு 1970 முதல் பேசப்பட்டது. 2020-இல் நான்காம் படிவத்தில் இந்தப் பிரிவுகளையே எடுத்துவிட்டார்கள். வீட்டில்தான் அது இன்னும் எடுபடவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் சமூகத்தின் கனவாக 2001-இல் தொடங்கியது. ஆசிய மருத்துவ, அறிவியல், தொழில்நுட்பக் கழகம் என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். டாக்டர் வேண்டும், மருந்தாளர் வேண்டும், இஞ்சினியர் வேண்டும் என்று தவித்த சமூகம் வைத்த பெயர் அது. அதில் தப்பில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஓர் எண்ணம் வரும். நம் தாத்தாக்கள் காலத்தில் பல்கலைக்கழகத்திடம் போய் அவர்கள் கேட்டது வேறு.

மலாயாப் பல்கலைக்கழகம் 1949-இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அங்கே இந்திய இயல் துறை ஒன்று வரப்போகிறது என்றதும், அதில் எந்த மொழிக்கு முதலிடம் என்ற விவாதம் எழுந்தது. சமஸ்கிருதமே இருக்கட்டும் என்ற கருத்து பலமாக வந்தது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி விடவில்லை. இங்கே வாழும் இந்தியர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், தமிழுக்குத்தான் இடம் என்று எழுதினார், பேசினார், 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதியே திரட்டினார். உழைத்துச் சாப்பிடுகிற சாதாரண ஜனங்கள் அதற்குக் காசு கொடுத்தார்கள். 1956-இல் துறை வந்தது. பிறகு கோலாலம்பூருக்கு இடம் மாறியது. 1961-இல் தனிநாயகம் அடிகள் அங்கே பொறுப்பேற்றார். 1966-இல் முதல் உலகத் தமிழ் மாநாடு அதே கோலாலம்பூரில் நடந்தது.

காசு கொடுத்தவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர்களில் பலருடைய பிள்ளைகள் ஆறாம் வகுப்பைத் தாண்டுவதே பெரிது. அந்தத் துறையில் தன் மகன் சேருவான் என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்க முடியாது. "இதனால எனக்கு என்ன கிடைக்கும்" என்று கேட்டிருந்தால் பதில் பூஜ்யம்தான். ஏமாளிகளா அவர்கள்? எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாங்கள் யார் என்பதைத் தெரிந்த ஒருவன் அந்தப் பெரிய கட்டடத்துக்குள்ளே இருக்கட்டும் என்று நினைத்தார்கள். அவன் யார் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் என்ன?

நம் தர்மத்தில் மனிதன் மூன்று கடனோடு பிறக்கிறான் என்பார்கள். தேவர்களுக்கு ஒன்று, ரிஷிகளுக்கு ஒன்று, பித்ருக்களுக்கு ஒன்று. இதில் ரிஷிக் கடனைத் தீர்க்க வேண்டியது படிப்பதால். கடனைத் தீர்க்கப் படிப்பு என்பது அவர்கள் கணக்கு. படிக்கக் கடன் என்பது நம் கணக்கு. அந்த அப்பா பயப்படுவது பி.டி.பி.டி.என். கடனுக்கு. மகளை உறுத்துவது வேறொரு கடன். இரண்டுமே நிஜக் கடன்தான், அதனால்தான் இது கஷ்டமான கேள்வி.

மகளை உறுத்துவது என்ன என்று அவளிடமே கேட்டேன். "அண்ணே, ஜெராய் மலைய தெனமும் பாக்குறோம். அதுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு நம்ம ஆளுங்களுக்குத் தெரியலயே" என்றாள்.

மலைக்கு அந்தப் பக்கம் பூஜாங் பள்ளத்தாக்கு. 2013 டிசம்பரில், அங்கே ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டிய ஒரு சண்டியின் அடித்தளத்தை வீடமைப்புக்காக இடித்துவிட்டார்கள் என்று செய்தி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? நாமும் பேஸ்புக்கில் கொதித்தோம். ஆனால் இடிந்தது என்ன, எந்தக் காலத்தது, ஏன் அதைப் பாரம்பரிய இடமாகப் பதியவில்லை என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தால் நம்மில் யார் எழுதியிருப்போம்? கோபத்துக்கு டிகிரி தேவையில்லை. அறிக்கைக்குத் தேவை.

சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். கரித்துண்டைச் சோதித்துக் காலம் சொல்வது அறிவியல். அந்த இரும்பு யாருக்காக, எந்தக் கப்பலில் போனது என்று கேட்பது வரலாறு. இந்தப் பக்கம் கிடைத்த பழைய கல்வெட்டுகளில் எழுத்து பல்லவ வகை, மொழி சமஸ்கிருதம், பல பௌத்தர்களுடையவை. ஆக, தமிழ் மட்டும் போதாது, சமஸ்கிருதம் மட்டும் போதாது, வேதியியல் மட்டும் போதாது. ஒரே ஒரு குழிக்குள் இறங்கவே இத்தனை பேர் வேண்டியிருக்கிறது. ஆர்ட்ஸா சயன்ஸா என்ற நம் வீட்டுச் சண்டை அந்தக் குழிக்குள் எடுபடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நம் பையன்கள் சிலர் 'கடாரம் கொண்டான்' என்று சட்டை போட்டுத் திரிகிறார்கள். 1025-இல் ராஜேந்திர சோழனின் படை கடல் தாண்டி வந்து கடாரத்தை வென்றது, சரி. அந்தக் கடாரம் இந்தக் கெடாதானே? நாமெல்லாம் பிறந்த மண் இது. அன்றைக்குக் கப்பலில் வந்து இறங்கியவர்கள் பக்கம் நிற்கிறோமா, கரையில் நின்றவர்கள் பக்கமா? அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் கட்டினான். அதற்கு ராஜேந்திரனின் அப்பா ராஜராஜனே ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். நேற்று நண்பன், இன்று எதிரி, ஏன்? சட்டையில் இதற்கு இடம் பத்தாது. இதை அடித்துச் சொல்லாமல், கேட்டுப் பார்க்கப் பழக்குவதைத்தான் நான் கலைக் கல்வி என்கிறேன். அது இல்லாத பெருமை அடுத்தவனிடம் சண்டை போடத்தான் உதவும்.

இதையெல்லாம் அன்றைக்கு அந்த அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் பிரசங்கமாகிவிடும். "அண்ணே, ஞாயித்துக்கிழமை லாரி இல்லன்னா மெர்போக் வரைக்கும் போய்ட்டு வரலாமா?" என்று மட்டும் கேட்டேன்.

போனோம். காரில் நாங்கள் மூன்று பேர், வழியெல்லாம் மழை. அருங்காட்சியகத்துக்கு மேலே புக்கிட் பத்து பஹாட் சண்டி இருக்கிறது. சிதறிக் கிடந்த கற்களை 1960-ஐ ஒட்டி மறுபடி அடுக்கி நிறுத்திய கோயில் அது. அப்பா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கற்களின் விளிம்பைத் தடவினார். ஒரு கல்லின் பக்கத்தில் குந்தி, கையை விரித்து அளந்தார்.

"ஏம்மா, இது ஒண்ணே எத்தனை கிலோ இருக்கும்? ரோடும் இல்ல, கிரேனும் இல்ல. இத்தனையையும் எப்படிம்மா மேல ஏத்தினாங்க?"

"தெரியலப்பா" என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் கீழே ஓடும் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும் வழியில் பெடோங் வந்தபோது, விண்ணப்ப பாரம் எப்போது மூடுகிறார்கள் என்று என்னிடம் கேட்டார். வரலாறு முதலாவதா, கணக்கியல் முதலாவதா என்ற பேச்சு பின் இருக்கையில் மறுபடி ஆரம்பித்தது. நான் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன்.